வலது கையை ஆட்டினீர்களா?

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உன் இருமல் நின்றதா என்று அம்மா முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள். நாலாம் வரியில் கேட்டதற்கு மன்னிக்கவும்.

ஒரு செய்தி. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தின் மாடியில் எனக்கு ஒரு சாயங்கால வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். பேச்சு ஆங்கிலம். மாணவர்கள் எல்லாரும் பகலில் எங்காவது வேலை பார்ப்பவர்கள். துணிக்கடைப் பெண் ஒருத்தி, மருந்துக்கடைக்காரர், தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளும் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், இன்னும் சிலர். கண்டக்டர் தன்னைப் பற்றி எழுதிய கட்டுரையில், ‘ஒவ்வொரு ஞாயிறும் ஐ டை’ என்று இருந்தது. சாயத்துக்கான எழுத்தைப் போடாமல் சாவுக்கான எழுத்தைப் போட்டுவிட்டார். “வாரா வாரம் சாகிறீங்களா சார்?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்க, “திங்கக்கெழம எந்திரிச்சிடுவேன்ல?” என்றார் அவர்.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கில வார்த்தைகளை, பொருளோடு, கடிதத்துக்குக் கொஞ்சமாக எழுதி அனுப்பு. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இவர்களுக்கு அங்கேதான் சறுக்குகிறது. அப்பா உன்னைச் சும்மாவா அகராதி என்று கூப்பிட்டார்? அந்தப் பேர் பாராட்டா திட்டா என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

வெளிநாட்டில் நீ மொழிபெயர்ப்பதைப் பற்றி அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பது உனக்கும் தெரியட்டும்: “அந்த ஊரு ஆபீசருங்களுக்கு எம் மகன்தான் வாயி.”

இருமலுக்கு வெந்நீர் குடி. பதில் போடு.

தங்கை

மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. நான் நலம். இருமல் போய்விட்டது, அம்மாவுக்கு முதல் வரியிலேயே சொல்.

டீச்சர் ஆனதற்கு வாழ்த்து. கேட்டதை எழுதுகிறேன். பிரின்சிபல் இரண்டு உண்டு. ஒன்று கல்லூரித் தலைவர், மற்றது கொள்கை. முதலாமவரிடம் இரண்டாவது இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஸ்டேஷனரி இரண்டு: நகராமல் நிற்பது ஒன்று, காகிதம் பேனா வகையறா மற்றது. அரசு அலுவலகங்களில் இந்த வித்தியாசம் தெரியாது. பேஷன்ஸ் என்றால் பொறுமை, நோயாளிகள் என்றாலும் பேஷன்ஸ்தான். மருத்துவமனை பெஞ்சில் முதலாவது தீர்ந்த பிறகும் இரண்டாவது உட்கார்ந்திருக்கும். மீட் என்பது சந்திப்பதும் இறைச்சியும். கண்டக்டரிடம் கவனமாக இருக்கச் சொல்.

பகலில் சரக்குக் கிடங்கில் அதே எழுத்தர் வேலை. ஆனால் வாரத்தில் ஒன்றிரண்டு முறை அரசு அலுவலகங்களிலிருந்து கூப்பிடுகிறார்கள். தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் விசாரணைக்கு வந்தால் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு போனால் வாசல் காவலர் எழுந்து கதவைத் திறக்கிறார். கிடங்கில் எனக்குக் கதவு திறந்தவர் யாரும் இல்லை.

அடுத்த வாரம் குழந்தை நல அலுவலகத்தில் ஒரு விசாரணை. முதல் முறையாக அங்கே போகிறேன். மீதி வார்த்தைகள் அடுத்த கடிதத்தில்.

அம்மாவின் காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடு.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

சுகமா? நாங்கள் சுகம்தான். மார்ச் இரண்டாம் தேதிக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வகுப்பு உன் வார்த்தைகளுக்காகக் காத்திருக்கிறது. பேஷன்ஸ் தீர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார் மருந்துக்கடைக்காரர். அம்மா தபால்காரரை அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு வரியாவது போடு.

வாலு

ஏப்ரல் 27

அன்புத் தங்கைக்கு,

நலம். தாமதத்துக்குக் காரணம் வேலை. வேறொன்றும் இல்லை.

உன் வகுப்புக்கு வேவ் என்ற ஜோடியை அனுப்புகிறேன். நடுவில் ‘ஐ’ எழுத்து இல்லாவிட்டால் கையசைப்பது. இருந்தால் ஓர் உரிமையை விட்டுக்கொடுப்பது. இதோடு ரைட் என்பதையும் சேர்த்துக்கொள். அது வலது, உரிமையும் அதுதான். உதாரணத்துக்கு, இங்கே ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சலவை ஆலையில் ஒரு தமிழ்ப் பெண் வேலை செய்கிறாள். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் ஆலை. கணவன் கப்பல் வேலைக்குப் போனவன், ஆளைப் பற்றித் தகவல் இல்லை. மூன்று வயதில் ஒரு பையன். அவனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து அறைப் பெண் ஒரு நாள் வரவில்லை. இவள் தூங்குகிற பிள்ளையை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பிள்ளை விழித்து அழ, யாரோ புகார் சொல்ல, குழந்தை நல அலுவலகத்தார் காரோடு வந்தார்கள். கார் புறப்படும் நேரத்துக்கு இவளும் ஓடி வந்து சேர்ந்துவிட்டாள். பிள்ளையை வேறொரு குடும்பத்திடம் விட்டார்கள்.

விசாரணையில் அதிகாரி அந்தக் காலையைப் பற்றி வரிசையாகக் கேட்டார். எங்கே நின்றாள்? படிக்கட்டில். கையில் என்ன? இடது கையில் துணிக்கூடை. அடுத்ததாகக் கேட்டார்: “டிட் யூ வேவ் யுவர் ரைட்?” பிள்ளையைத் திரும்பக் கேட்கும் உரிமையை அப்போதே விட்டுக்கொடுத்தாயா என்பது கேள்வி. மொழிபெயர்ப்பாளன் கேட்டது இது: “வலது கையை ஆட்டினீங்களா?”

“ஆமாங்க, ஆட்டினேன்” என்றாள் அவள். “புள்ள அழக் கூடாதுன்னு சிரிச்சுக்கிட்டே ஆட்டினேன்.”

அவன் அதை ஆங்கிலத்தில் அப்படியே திருப்பினான்: ஆமாம், சிரித்துக்கொண்டே வேவ் பண்ணினாள். தட்டச்சுக்காரர் நடுவில் ‘ஐ’ போட்டு அடித்தார். உரிமையைச் சிரித்த முகத்தோடு விட்டுக்கொடுத்தாள் என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். பிள்ளை அந்தக் குடும்பத்திடமே இருக்க வேண்டியது. தாய் போய்ப் பார்க்கவும் முடியாது.

வகுப்பில் சொல்வதற்கு நல்ல உதாரணம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

மே 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலம். நீ சொன்ன உதாரணம் எங்கள் வகுப்பில் பெரிய வெற்றி. “வலது கையை ஆட்டினீங்களா?” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டர் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். இப்போது யார் தப்பு செய்தாலும் மற்றவர்கள் வலது கையைத் தூக்கி ஆட்டுகிறார்கள். வராந்தாவில் தட்டச்சு வகுப்புப் பிள்ளைகள்கூட ஆட்டுகிறார்கள். அவர்களுக்கு எதற்கென்றே தெரியாது.

வீட்டில் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. “எந்தக் கட்டையில போறவன்டி அவன்? புள்ளயப் பிரிச்சிட்டானே” என்றாள். பிறகு, “நம்ம புள்ள அந்த எடத்துல இருந்திருந்தா இது நடந்திருக்குமா?” என்றாள். எனக்கும் அதே எண்ணம்தான். அரைகுறைகளுக்கெல்லாம் அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டினால் இப்படித்தான்.

துணிக்கடைப் பெண் மட்டும் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு நின்றாள். “மிஸ், அந்தாளு அப்புறம் போயி, நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னாரா?” என்று கேட்டாள். தெரியவில்லை, அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொன்னானா? அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

ஜூன் 8

தங்கைக்கு,

நலம். இங்கே மழை. கிடங்கின் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அட்டைப் பெட்டிகளை இடம் மாற்றி வைப்பதிலேயே வாரம் போய்விட்டது.

சைட் என்றால் பார்வை. இடம் என்றாலும் சைட். ஹோல் என்றால் ஓட்டை. முழுமை என்றாலும் ஹோல். இப்போதைக்கு இவை போதும்.

நீ கேட்ட விஷயம் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அண்ணன்

ஜூலை 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். நானும்.

உன் கடிதம் இவ்வளவு சிறியதாக வந்ததே இல்லை. ஓட்டைக்கும் முழுமைக்கும் ஒரே ஓசை என்று எழுதியவன் அதில் ஒரு கேலியும் செய்யாமல் விட்டதும் இதுவரை நடந்ததில்லை. உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். ஒன்று கேட்கிறேன், விருப்பமிருந்தால் பதில் எழுது. அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்?

நான் சிரித்ததற்கு வெட்கப்படுகிறேன். நேற்றும் கண்டக்டர் கையைத் தூக்கினார். “இனிமே அது வேண்டாம் சார்” என்றேன். “ஏன் டீச்சர், யாருக்கு வலிக்கப் போவுது?” என்றார். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

துணிக்கடைப் பெண் மறுபடி கேட்டாள். “போய்ச் சொல்லிட்டாராம்” என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்துபோய்விட்டது. வகுப்பில் நான் சொன்ன முதல் பொய்.

அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசவில்லை.

தங்கை

ஆகஸ்ட் 5

அன்புத் தங்கைக்கு,

அறையில் நாலு பேர். அதிகாரி, தட்டச்சுக்காரர், அந்தப் பெண், நான்.

இதை எழுத இத்தனை நாள் ஆனது. பேனாவை எடுப்பேன், உன் வகுப்பில் கை ஆட்டுகிறவர்கள் கண்ணில் வருவார்கள், மூடி வைத்துவிடுவேன். உன் மேல் கோபமில்லை. அந்தக் கதையை உனக்குச் சிரிக்கும்படி எழுதிக் கொடுத்தவன் நான்தான். வேறு யாரோ செய்ததாக எழுதிப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தேன்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியாதது இல்லை. புத்தகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அன்று காலை விசாரணை தொடங்கும் முன் அதிகாரி, “உங்கள் ஆங்கிலம் எங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது” என்றார். உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் கேள்வி வந்தபோது, எந்தக் கையை ஆட்டினாள் என்று இவர் ஏன் கேட்கிறார் என ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் கேட்பதுதான். அப்படி ஒரு பாராட்டுக்குப் பிறகு கேட்க நா எழவில்லை. துணிக்கூடை இடது கையில் இருந்தது, ஆகவே வலது கைதான் என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன்.

தீர்ப்பின் நகலை மேசையில் பார்த்தபோதுதான் அந்த ‘ஐ’ எழுத்தைக் கண்டேன். அப்போதே திரும்பி அதிகாரியின் அறைக்குள் போயிருக்க வேண்டும். படியிறங்கி வந்துவிட்டேன்.

போன வாரம் சலவை ஆலைக்குப் போனேன். மதிய உணவு இடைவேளை. பெண்கள் நீராவிக் குழாய்களுக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்தாள். “சேதி எதாச்சும் வந்திருக்கா சார்?” என்றாள். இல்லை, இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். அவள் எனக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள்.

அப்போது பள்ளிக்கூட வேன் ஒன்று தெருவில் நின்றது. ஆலைப் பெண் ஒருத்தியின் மகள் அதன் ஜன்னலிலிருந்து கை ஆட்டினாள். தாய் வாசலில் நின்று பார்த்தாள், சிரித்தாள், இரண்டு கையையும் மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் கை ஆட்டவில்லை. ஸ்டூல் போட்டவளிடம் காரணம் கேட்டேன்.

“ஒங்களுக்குத் தெரியாதா சார்? இந்த ஊர்ல வலது கைய ஆட்டினா புள்ளய எழுதிக் குடுத்த மாதிரியாம். எங்கிட்டதான் கேட்டாங்களே” என்றாள் இவள். “நாந்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், கைய உள்ள வெச்சுக்குங்கடின்னு. எனக்கு ஆனது அவங்களுக்கும் ஆவக் கூடாதுல்ல?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சங்கு ஊதியது. அவர்கள் உள்ளே போனார்கள். நான் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்தேன்.

சொன்னால் அட்டை போய்விடும் என்று பயந்தேன், உண்மைதான். அதைவிட, “எம் மகன்தான் வாயி” என்று அம்மா சொல்வதை நினைத்துப் பயந்தேன்.

அண்ணன்

ஆகஸ்ட் 20

அண்ணா,

சுகம் விசாரிக்கும் கடிதம் இல்லை இது.

முதலில் அந்த அலுவலகத்துக்குப் போ. பிறகு ஆலைக்குப் போ. அதற்குப் பிறகு எனக்கு எழுது. ஆறுதல் எழுதத் தெரியாமல் இல்லை. அந்தப் பிள்ளை திரும்பி வருமுன் அதைக் கேட்கும் இடத்தில் நீயும் இல்லை, சொல்லும் இடத்தில் நானும் இல்லை.

உன் கடிதத்தை நான் மனதுக்குள் படித்ததை அம்மா பார்த்துவிட்டாள். “ஏன்டி, வாய் விட்டுப் படிக்க முடியாத அளவுக்கு என்ன எழுதியிருக்கான்?” என்றாள். படித்தேன். முழுவதும் கேட்டாள். மே மாதம் தான் சொன்ன ‘கட்டையில போறவன்’ அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “அகராதின்னா அச்சுப் பிழ இருக்காதா? திருத்தி ஒட்டச் சொல்லு அவன” என்றாள். பக்கத்து வீட்டுக்கு அன்று போகவில்லை.

தங்கை

அக்டோபர் 12

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ சொன்ன வரிசைப்படி போனேன்.

அதிகாரி முதலில் நான் சொன்னதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். கேள்வியையும் என் மொழிபெயர்ப்பையும் காகிதத்தில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. “அன்றைக்கே ஏன் வரவில்லை?” என்றார். வெட்கமாக இருந்தது என்றேன். அந்த வார்த்தைக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பொருள் இல்லை. அதனால் அவருக்கு நன்றாகவே புரிந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வெளியே வரும்போது வாசல் காவலர் வழக்கம்போல் எழுந்து கதவைத் திறந்தார். அவருக்கு இன்னும் தெரியாது.

அங்கிருந்து ஆலைக்கு. அவள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், காறித் துப்புவாள், மற்றவர்களைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். “இந்த முனையப் புடிங்க” என்றாள். பிடித்தேன். விரிப்பை நீளவாக்கில் மடித்து என் பக்கம் நடந்து வந்து, என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டாள். பிறகுதான் கேட்டாள்.

“அப்ப, எங் கை செஞ்ச தப்பு இல்லையா அது?”

இல்லை என்றேன். தன் வலது கையை ஒரு முறை பார்த்தாள். “போங்க சார்” என்றாள். அவள் கத்தியிருக்கலாம்.

மறுவிசாரணை போன வாரம் நடந்தது. வேறொரு பெண்மணி மொழிபெயர்த்தார். எனக்கு உள்ளே போக உரிமை இல்லை, வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கடந்து போன இரண்டு எழுத்தர்களில் ஒருவர் மற்றவரிடம் என்னவோ சொல்லி, வலது கையை லேசாகத் தூக்கி ஆட்டினார். உன் வகுப்பில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. பழைய தீர்ப்பு ரத்து. முதலில் சில வாரம் பார்த்துப் பழகட்டும், பிறகு பிள்ளையைத் தாயிடம் கொடுக்கலாம் என்று முடிவு.

படிக்கட்டில் அவள் என்னிடம் வந்தாள். பிள்ளை இத்தனை மாதத்தில் தமிழை மறந்துவிட்டானாம், ஆங்கிலம் மட்டும்தான் பேசுகிறானாம். பார்க்கப் போகும்போது கூட வர முடியுமா என்று கேட்டாள். நானா என்றேன். எனக்கு இப்போது அட்டை இல்லை, அந்தப் பெண்மணியைக் கேளுங்கள் என்றேன்.

“ஒங்க தப்பு என்னான்னு எனக்குத் தெரியும் சார். புது ஆளு தப்பு எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

போகப் போகிறேன். தூக்கம் வருவதில்லை. அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

அண்ணன்

அக்டோபர் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்கிறேன். சாப்பிடுகிறாயா? இருமல் திரும்ப வரவில்லையே?

நடந்ததை வகுப்பில் சொன்னேன். அந்த மொழிபெயர்ப்பாளன் என் அண்ணன் என்பதையும், போய்ச் சொல்லிவிட்டார் என்று நான் முன்பு சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கண்டக்டர் தன் இரண்டு கையையும் பெஞ்சுக்கு அடியில் கொண்டுபோனார். வகுப்பு முடிந்து, “டீச்சர், நான் கொஞ்சம் அதிகமா ஆட்டிட்டேன்” என்றார். துணிக்கடைப் பெண் என்னோடு பேசாமல் போய்விட்டாள். வரட்டும், காத்திருக்கிறேன்.

அம்மா பக்கத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கால் பரவாயில்லை. பிள்ளையைப் பார்த்ததும் எழுது.

வாலு

நவம்பர் 18

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன். இதை அம்மாவுக்கு வாய் விட்டே படி.

நேற்றுப் பார்த்தோம். குழந்தை நல அலுவலகத்தின் பின்புறம் ஒரு சிறிய அறை. தரையில் விரிப்பு, குட்டை நாற்காலிகள், ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைகள். ஜன்னல் ஓரம் மேற்பார்வைக்கு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பிள்ளை தடித்த காலுறை போட்டிருந்தான். தாயைத் தெரிந்துகொண்டான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அருகில் வரவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, “வா சாமி, வா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவனுக்கு அந்த வார்த்தைகள் போய்ச் சேரவில்லை. கட்டைகளை அடுக்கினான், தள்ளிவிட்டான். பிறகு அவளைப் பார்த்து ஏதோ வேண்டும் என்கிற முகத்தோடு, “பேர்” என்றான். “மை பேர்.”

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. “பேரு கேக்கிறான் சார்! எம் பேரு கேக்கிறான்!”

அவன் மழலையில் வந்த அந்த ஓசைக்கு ஆங்கிலத்தில் ஒரு பழம் உண்டு, ஒரு விலங்கு உண்டு, ஜோடி என்றும் பொருள் உண்டு. பெயர் என்ற பொருள் தமிழில் மட்டும்தான். ஆமாம்மா, உங்கள் பேரைத்தான் கேட்கிறான் என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் யாருக்கும் நஷ்டமில்லை. ஜன்னலோர அம்மாளுக்குத் தமிழ் தெரியாது.

நான் மண்டி போட்டு உட்கார்ந்து, எந்த பேர், எனக்குப் புரியவில்லை, இன்னொரு தரம் சொல் என்று அவனிடம் கேட்டேன். இது எப்படிப்பட்ட ஆள் என்பதுபோல என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் நகம்போல விரித்து உறுமினான். ஜன்னலோர அம்மாள் சிரித்துவிட்டார். தாயும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல், என் வாயையே பார்த்துக்கொண்டு.

“இல்லம்மா,” என்றேன். “கரடிப் பொம்ம. அந்த வீட்டுல விட்டுட்டு வந்திருக்கான். அது வேணுமாம்.”

அவள் முகம் அணைந்ததைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியாது, நான்தானே எதிரில் இருந்தேன். விரிப்பின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் நீவிவிட்டாள். “குடுத்து அனுப்புவாங்களான்னு கேளுங்க” என்றாள். கேட்டேன். கொடுத்து அனுப்புவார்கள். அதைப் பிள்ளையிடம் சொன்னேன். அவன் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அவன் கேக்கலன்னா என்ன,” என்றாள் அவள். “எம் பேரு என்னான்னு அவன்கிட்டச் சொல்லுங்க சார்.”

அதை நான் சொல்லவில்லை. அவளையே சொல்லச் சொன்னேன்.

அவள் குனிந்து, அவன் கண்ணுக்கு நேராகச் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். ஓர் எழுத்து பிசகியிருந்தது. அவள் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

அன்புடன்,
அண்ணன்